ஒரு நிமிட வாத்தியார்களுக்கு ஒரு பாராட்டு

பெருமக்களே,

உங்களைப் பாராட்ட வேண்டும் என்று வெகுநாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். களத்தில் நீங்கள் வென்ற கோப்பைகளைப் பாராட்ட ஊர் உலகமே இருக்கிறது. அதற்கு நான் தேவையில்லை. பள்ளிக்கூட வாசலையே இன்னும் மிதிக்காத பிள்ளைகளுக்கு முன்னால், சின்னத்திரையில் வந்து உட்காருகிறீர்கள். பஞ்சுப் பொம்மை ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரே ஒரு நிமிடம் பாடம் நடத்திவிட்டுப் போகிறீர்கள். அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் இந்தப் பாராட்டு. அதன் அருமை உங்களுக்குத் தெரிந்ததைப் போல இந்த உலகத்தில் வேறு யாருக்கும் தெரியவில்லை.

நீங்கள் வந்து உட்காரும் அந்தத் திண்ணை எப்படி வந்தது என்பதிலிருந்து தொடங்குகிறேன். 1966-இல் நியூயார்க்கில் ஒரு வீட்டு விருந்து. வீட்டுக்காரர் ஜோன் கான்ஸ் கூனி, தொலைக்காட்சித் தயாரிப்பாளர். விருந்துக்கு வந்தவர்களில் ஒருவர் லாயிட் மாரிசெட், கார்னகி அறக்கட்டளைக்காரர், உளவியல் படித்தவர். அவருடைய மூன்று வயது மகள் விடிவதற்குள் எழுந்துவிடுவாளாம். நிகழ்ச்சி எதுவும் தொடங்காத நேரத்தில், திரையில் அசையாமல் நிற்கும் சோதனைப் படத்தையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருப்பாளாம். விளம்பரப் பாட்டுகள் அவளுக்கு மனப்பாடம். கற்றுக்கொடுக்க யாரும் உட்காராமலே அவள் வாயில் அவை ஏறியிருந்தன. விளம்பரம் ஏறும் நாக்கில் எழுத்து ஏறாதா என்ற கேள்வி அந்த விருந்தில்தான் பிறந்தது.

மூன்று ஆண்டுகள் கழித்து, 1969 நவம்பர் 10 அன்று, ‘செசமி ஸ்ட்ரீட்’ ஒளிபரப்பானது. குறுகிய துண்டுகள், திரும்பத் திரும்ப வரும் வரிகள், பளிச்சென்ற நிறம், பாட்டு என்று விளம்பரக்காரர்களின் வித்தைகளை ஒன்றுவிடாமல் எடுத்து, எழுத்துக்கும் எண்ணுக்கும் கொடுத்தார்கள். மற்ற நிகழ்ச்சிகளில் இதை வழங்குவது இன்ன சோப்பு என்று சொல்லும் இடத்தில், முதல் நாள் நிகழ்ச்சியை வழங்கியவை டபிள்யூ, எஸ், ஈ என்ற மூன்று எழுத்துகளும், 2, 3 என்ற இரண்டு எண்களும். கடைவீதியிலிருந்து பிள்ளைகளின் கவனத்தை மீட்டு, காசு கேட்காத எழுத்துகளிடம் கொண்டுபோய்ச் சேர்த்த வேலை அது. தொலைக்காட்சி வரலாற்றில் இவ்வளவு நல்ல திருட்டு இன்னொன்று நடக்கவில்லை என்பது என் கருத்து.

உங்கள் முன்னோர் அங்கே எப்படி வந்தார்கள் என்பதையும் நினைத்துப் பார்க்கிறேன். ஜேம்ஸ் எர்ல் ஜோன்ஸ் என்ற நடிகர் கேமராவை நேராகப் பார்த்து ஆங்கில நெடுங்கணக்கைச் சொன்னார். ஒவ்வோர் எழுத்துக்கும் நடுவில் நீண்ட மௌனம். முதல் தடவை பார்க்கும் பிள்ளைகள் அவரோடு சேர்ந்து எழுத்தைச் சொன்னார்கள். திரும்பத் திரும்பப் பார்த்ததும், அவர் வாய் திறப்பதற்குள் அடுத்த எழுத்தைத் தாங்களே கத்திச் சொன்னார்கள். ஆய்வாளர்கள் அதற்கு அந்த நடிகரின் பெயரையே வைத்துவிட்டார்கள். தெரிந்த முகம், நிதானமான குரல், பிள்ளை பதில் சொல்லக் காத்திருக்கும் பொறுமை: இந்த மூன்றும் கூடினால் பாடம் ஏறும்.

ஜாக்கி ராபின்சனும் வந்தார். வெள்ளையர்கள் மட்டுமே ஆடிவந்த அமெரிக்கப் பெரும் பேஸ்பால் களத்தில், 1947 ஏப்ரல் 15 அன்று, புரூக்ளின் டாட்ஜர்ஸ் சட்டையோடு இறங்கிய கறுப்பர். பந்தோடு சேர்த்து வசவையும் மிரட்டலையும் எதிர்கொண்டு ஆடியவர். அவ்வளவு பெரிய மனிதர் அந்தத் தெருவுக்கு வந்து செய்தது, ஏ முதல் இசட் வரை நெடுங்கணக்கைச் சொன்னது. அவ்வளவுதான். தன்னைப் பற்றிய கதை கிடையாது, சாதனைப் பட்டியல் கிடையாது. இருபத்தாறு எழுத்துகள்.

அந்த வழியில்தான் நீங்கள் வருகிறீர்கள். வந்து நீங்கள் செய்வதை நானும் பார்த்திருக்கிறேன், ரசித்திருக்கிறேன். டேவிட் பெக்காம், நீங்கள் எல்மோ என்ற சிவப்புப் பொம்மையோடு சேர்ந்து விடாமுயற்சி என்ற சொல்லுக்குப் பொருள் சொன்னீர்கள். எத்தனை கனிவு! ஆறடி ஆள் ஒருவர் முழங்கால் உயரப் பொம்மையின் கண்ணைப் பார்த்துப் பேசும்போது, அது பொம்மை என்பதே நமக்கு மறந்துபோகிறது. பார்க்கும் பிள்ளைக்கு எல்மோ உயிருள்ள தோழன். எல்மோவின் சிநேகிதர் தனக்கும் சிநேகிதர். அந்த நம்பிக்கையை ஒரு நிமிடத்தில் சம்பாதிக்க எந்தப் பள்ளி ஆசிரியராலும் முடியாது. அவர்களுக்கு ஒரு வருடமாவது வேண்டும். அந்த விடாமுயற்சியைப் பெப்சி விளம்பரங்களிலும் ஆண்டுக்கணக்கில் காட்டியவர் நீங்கள். ஒரே முகம், ஒரே புன்னகை, இரண்டு பாடம். இரண்டையும் ஒரே அக்கறையோடு நடத்தினீர்கள்.

அந்தச் சிவப்புப் பொம்மையின் செல்வாக்கை அளந்தே பார்த்திருக்கிறார்கள். செசமி நிறுவனம் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், பிராக்கலியும் சாக்லேட்டும் பிள்ளைகளின் முன்னால் வைக்கப்பட்டன. படம் எதுவும் ஒட்டாதபோது நூற்றுக்கு 78 பேர் சாக்லேட்டைக் காட்டினார்கள். 22 பேர் பிராக்கலியை. பிராக்கலியின் மேல் எல்மோவின் படத்தையும், சாக்லேட்டின் மேல் யாரென்று தெரியாத ஒரு பொம்மைப் படத்தையும் ஒட்டியதும் ஐம்பதுக்கு ஐம்பது ஆகிவிட்டது. பிள்ளை தின்பண்டத்தை மட்டும் பார்ப்பதில்லை. தனக்குப் பிடித்த முகம் எதன் மேல் இருக்கிறது என்று பார்க்கிறது. வீரர்களே, இந்த உண்மையை ஆய்வே செய்யாமல் கண்டுபிடித்தவர்கள் நீங்களும் உங்கள் முகவர்களும்.

உங்கள் உழைப்புக்கு ஒரு கணக்கும் இருக்கிறது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் ‘பீடியாட்ரிக்ஸ்’ இதழ் 2013-இல் அதை வெளியிட்டது. 2010-இல் விளம்பரச் சந்தையில் முன்னணியில் இருந்த 100 வீரர்களை எடுத்துப் பார்த்ததில், அவர்கள் 512 பெயர்களுக்கு முகம் கொடுத்திருந்தார்கள். அவற்றில் உணவுப் பண்டங்கள் 62. அந்த 62-இல் நூற்றுக்கு 79 பங்கு கலோரி மிகுந்து சத்துக் குறைந்தவை. பானங்கள் 46. அந்த 46-இல் நூற்றுக்கு 93 பங்குக்கும் மேலானவற்றில் இருந்த கலோரி முழுவதும் சேர்த்த சர்க்கரையிலிருந்து வந்தது. சத்துக் குறைந்த பண்டங்களுக்கு அதிகமாகத் துணை நின்றவர்கள் என்று அந்த ஆய்வு பெயர் சொன்ன மூவர் லெப்ரான் ஜேம்ஸ், பெய்டன் மேனிங், செரீனா வில்லியம்ஸ். மூவரும் தத்தம் ஆட்டத்தில் மன்னர்கள், அரசி. தமக்கு உணவு சொல்லித் தர ஆள் வைத்துக்கொள்ளும் வசதி உள்ளவர்கள். என்ன சாப்பிட்டால் உடம்பு இப்படி நிற்கும் என்ற வித்தை அவர்களுக்குத் தெரியும். அந்த உடம்பைப் பிள்ளைகள் பார்க்கும்படி பானத்தின் பக்கத்தில் நிறுத்திவைத்த பெருந்தன்மையை நான் எப்படிச் சொல்வேன்!

இங்கிலாந்தின் கேரி லினேகர் அவர்களை இந்த வரிசையில் விட்டுவிட மனம் வரவில்லை. 1986 உலகக் கோப்பையில் ஆறு கோல் அடித்துத் தங்கக் காலணி வாங்கியவர். ஆடிய காலம் முழுவதும் ஒருமுறைகூட மஞ்சள் அட்டையோ சிவப்பு அட்டையோ வாங்காதவர். இவ்வளவு ஒழுக்கமான ஆட்டக்காரரைப் பிள்ளைகளுக்கு முன்மாதிரியாகக் காட்டாமல் வேறு யாரைக் காட்டுவது? 1995 முதல் வாக்கர்ஸ் சிப்ஸ் விளம்பரங்களில் வந்தார். விளம்பரமே கிடையாத பிபிசியில், கால்பந்து நிகழ்ச்சியைத் தொகுத்தும் வழங்கினார். லிவர்பூல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எட்டு முதல் பதினொரு வயதுள்ள 181 பிள்ளைகளை அழைத்து, ஒரு கூட்டத்துக்கு அவருடைய சிப்ஸ் விளம்பரத்தையும், ஒரு கூட்டத்துக்கு அவர் தொகுத்து வழங்கும் கால்பந்து நிகழ்ச்சியையும், மற்றவர்களுக்கு வேறு விளம்பரங்களையும் காட்டினார்கள். பிறகு இரண்டு கிண்ணம் சிப்ஸ். ஒன்றில் வாக்கர்ஸ் என்றும் மற்றொன்றில் கடைச்சரக்கு என்றும் எழுதியிருந்தது. இரண்டிலும் இருந்தது ஒரே சிப்ஸ்.

விளம்பரத்தைப் பார்த்த பிள்ளைகள் வாக்கர்ஸ் என்று எழுதிய கிண்ணத்தில் கூடுதலாகத் தின்றார்கள். இது யாரும் எதிர்பார்ப்பது. கால்பந்து நிகழ்ச்சியை மட்டும் பார்த்த பிள்ளைகளும் அதே கிண்ணத்தில் கூடுதலாகத் தின்றார்கள். அந்த நிகழ்ச்சியில் சிப்ஸ் பற்றி ஒரு சொல் இல்லை. அவர் முகம் இருந்தது, அது போதுமானதாக இருந்தது. 2013-இல் இந்த முடிவு வெளியானதைப் படித்த நாளிலிருந்து, உங்களில் யாராவது பொம்மைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுத்துச் சொல்லிக் கொடுக்கும்போது, அந்த முகத்தோடு சேர்ந்து பிள்ளையின் மனத்துக்குள் இன்னும் என்னென்ன நுழைகிறது என்று எண்ணாமல் என்னால் பார்க்க முடிவதில்லை.

சட்டமும் உங்களிடம் மிகுந்த மரியாதை வைத்திருக்கிறது. 1974-இல் அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம் ஒரு நெறியை வகுத்தது. குழந்தைகள் நிகழ்ச்சியின் தொகுப்பாளரோ அதில் வரும் பாத்திரமோ, அந்த நிகழ்ச்சிக்கு நடுவிலும் அதை ஒட்டிவரும் நேரத்திலும் எதையும் விற்கக் கூடாது. தான் நேசிக்கும் ஒருவர் சொல்வதை விற்பனைப் பேச்சு என்று பிரித்தறியப் பிள்ளைக்கு வயது போதாது என்பதே காரணம். 2004-இல் அமெரிக்க உளவியல் கழகத்தின் குழுவும் அதைத்தான் சொன்னது: எட்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு விளம்பரம் தங்களை இணங்கவைக்க வருகிறது என்பது புரிவதில்லை, சொன்னதை மெய்யென்றே எடுத்துக்கொள்கிறார்கள். ஆகவே தான் தோன்றும் நிகழ்ச்சியின் நடுவே பொம்மை சர்க்கரைத் தண்ணீர் விற்க முடியாது. நீங்கள் விற்கலாம். காலையில் பொதுத் தொலைக்காட்சியில் அந்தப் பொம்மைக்குச் சிநேகிதராக வந்தவர், மாலையில் வேறு அலைவரிசையில், ஆட்டத்தின் இடைவேளையில், புட்டியைத் தூக்கிக் காட்டினால் எந்த விதியும் குறுக்கே வராது. பஞ்சுப் பொம்மைமீது வைக்காத நம்பிக்கையைச் சட்டம் உங்கள் மனசாட்சிமீது வைத்திருக்கிறது.

கல்வியின் மேல் உங்கள் லீகுகளுக்கு இருக்கும் பற்றையும் சொல்ல வேண்டும். 1990-இல் அமெரிக்க நாடாளுமன்றம் குழந்தைகள் தொலைக்காட்சிச் சட்டத்தை இயற்றியது. உரிமம் வாங்கிய நிலையங்கள் பிள்ளைகளின் கல்விக்கு என்ன செய்தன என்று கணக்குக் காட்ட வேண்டும். ‘ஜி.ஐ. ஜோ’வையும் ‘ஜெட்சன்ஸ்’ கார்ட்டூனையும் கல்வி என்று எழுதிக் கொடுத்த நிலையங்கள் உண்டு. ஜெட்சன்ஸ், வரப்போகும் நூற்றாண்டின் வாழ்க்கையைக் கற்பிக்கிறதாம். அந்தக் கூத்து தாங்காமல் 1996-இல் ஆணையம் விதியை இறுக்கியது: வாரத்துக்கு மூன்று மணி நேரம் கல்வி நிகழ்ச்சி.

என்பிசி தொலைக்காட்சி என்ன செய்தது? சனிக்கிழமைகளில் வந்துகொண்டிருந்த ‘என்பிஏ இன்சைட் ஸ்டஃப்’ நிகழ்ச்சியையும் அந்தக் கல்விக் கணக்கில் சேர்த்துக்கொண்டது. தொகுத்து வழங்கியவர் அகமது ரஷாத், அமெரிக்கக் கால்பந்தில் பெயர் வாங்கிய முன்னாள் வீரர். தயாரிப்பில் இருந்தது கூடைப்பந்து லீக்கின் சொந்தத் தயாரிப்புப் பிரிவு. கூடைப்பந்து ஆட்டங்களை ஒளிபரப்பும் உரிமையோ அதே என்பிசியின் கையில். வாரா வாரம் நீங்கள் வந்தீர்கள். பயிற்சியைப் பற்றிச் சொன்னீர்கள், படிப்பை விடாதே என்றீர்கள், ஒற்றுமையாக ஆடு என்றீர்கள். நடுநடுவே நீங்கள் பந்தை வளையத்தில் அடித்துச் செருகும் காட்சிகள். அவற்றைப் பார்த்த பிள்ளை அடுத்து எந்த அலைவரிசையில் எந்த ஆட்டத்தைத் தேடிப் போவான் என்பதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஓர் ஆசிரியர் தன்னையே பாடமாக வைத்து, தன் பள்ளிக்கே ஆள் சேர்த்து, அதை அரசாங்கக் கணக்கில் கல்வி என்று எழுதவும் வைத்தது உலகத்தில் வேறெங்கும் நடந்ததாக நான் படித்ததில்லை. நாலந்தாவில்கூட இது நடந்திருக்காது.

அமெரிக்கக் கால்பந்து வீரர்களே, உங்களைப் பாராட்டும்போது என் குரல் தழுதழுக்கிறது. உங்கள் லீக் 2007-இல் ‘பிளே 60’ என்ற இயக்கத்தைத் தொடங்கியது. தினம் அறுபது நிமிடம் ஓடியாடுங்கள் என்று பிள்ளைகளிடம் நீங்கள் சொன்னீர்கள். அருமையான அறிவுரை, அதில் ஒரு சொல்லையும் நான் மறுக்க மாட்டேன். 2021 ஜனவரி 10 அன்று சிகாகோ பேர்ஸ் அணிக்கும் நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் அணிக்கும் நடந்த ஆட்டத்தை நிக்கலோடியன் அலைவரிசையே பிள்ளைகளுக்கென்று ஒளிபரப்பியது. புள்ளி எடுத்த இடத்தில் திரை முழுக்கப் பச்சைக் கூழ் பீறிட்டது. தவறுகளுக்கு என்ன தண்டனை என்பதை ‘யங் ஷெல்டன்’ தொடரின் சிறுவன் வந்து விளக்கினான். விதிகள் எல்லாவற்றையும் பிள்ளைக்குப் புரியும்படி சொன்னார்கள்.

தலையைப் பற்றித்தான் சொல்லவில்லை. ஒவ்வொரு மோதலிலும் மண்டைக்குள் மூளை அசைகிறது. மயக்கம் வராத சிறு மோதல்களும் ஆண்டுக்கணக்கில் சேர்ந்தால், நினைவையும் குணத்தையும் அரிக்கும் சி.டி.இ. என்ற மூளைநோய் வரக்கூடும். இறந்த பிறகுதான் அதை உறுதியாகக் கண்டறிய முடியும். குடும்பத்தார் தானமாகக் கொடுத்த, உங்கள் லீக்கில் ஆடிய 111 பேரின் மூளைகளைப் பாஸ்டன் பல்கலைக்கழகம் ஆராய்ந்தது. 110-இல் அந்த நோய் இருந்தது. அது 2017-இல் வெளியானது. நோய் இருக்கும் என்று சந்தேகப்பட்டவர்களின் வீட்டார்தான் பெரும்பாலும் கொடுத்தார்கள் என்பதால், எல்லா ஆட்டக்காரருக்கும் இதே விகிதம் என்று சொல்லக் கூடாது. ஆனாலும் 111-இல் 110. அதே ஆண்டு அதே பல்கலைக்கழகத்தின் இன்னோர் ஆய்வு, பன்னிரண்டு வயதுக்கு முன்பே முட்டி மோதும் ஆட்டத்தைத் தொடங்கியவர்களுக்குப் பிற்காலத்தில் மனநிலைக் கோளாறும் நடத்தைக் கோளாறும் வரும் வாய்ப்புக் கூடுதல் என்றது. பன்னிரண்டு வயதுக்கு முன்பு! பச்சைக் கூழைப் பார்த்துக் கைதட்டிய வயது.

உங்கள் லீக் இதைத் தெரிந்துகொள்ளாமல் இருந்ததில்லை. 1994-லேயே மூளைக்காயத்தை ஆராயக் குழு அமைத்தது. தலையில் பட்ட அடி நீண்டகாலத்துக்குத் தீங்கு செய்யக்கூடும் என்று அதன் பேச்சாளர் வெளிப்படையாக ஒப்புக்கொள்ள 2009 டிசம்பர் ஆயிற்று. பதினைந்து ஆண்டுப் பொறுமை. பிள்ளைகள் பயந்துவிடக் கூடாதே என்று பெற்றவர்கள்கூட இவ்வளவு காலம் ஒன்றை மறைத்துவைக்க மாட்டார்கள்.

லான்ஸ் ஆம்ஸ்ட்ராங் அவர்களே, உங்களுக்கென்று தனியே நேரம் ஒதுக்கி வைத்திருந்தேன். 1996-இல் உங்களுக்குப் புற்றுநோய் என்று தெரிந்தது. அது மூளைவரை பரவியிருந்தும் பிழைத்து வந்தீர்கள். பிழைத்து வந்ததை எவராலும் உங்களிடமிருந்து பறிக்க முடியாது. அதை நான் தலைவணங்கிச் சொல்கிறேன். 1999 முதல் 2005 வரை ஏழு முறை ‘டூர் டி பிரான்ஸ்’ சைக்கிள் பந்தயத்தில் முதலாவதாக வந்தீர்கள். பிறகு ‘ஆர்தர்’ என்ற பிள்ளைகள் தொடரில் நீங்களாகவே வந்தீர்கள். அதில் ஒரு கதை 2009-இல் வந்தது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சமைத்துப்போடும் அம்மாளுக்குப் புற்றுநோய் வந்துவிடுகிறது. நேற்றுவரை தட்டில் சோறு போட்டவருக்கு இன்று என்ன ஆயிற்று, அவரிடம் என்ன பேசுவது, அழலாமா கூடாதா என்று பிள்ளைகள் தவிக்கிறார்கள். அந்தத் தவிப்புக்கு நடுவில் ஆறுதல் சொல்ல வந்தவர் நீங்கள்.

பிள்ளைகளிடம் புற்றுநோயைப் பற்றிப் பேசுவது எவ்வளவு கடினம் என்பது, அந்த நோய் நுழைந்த ஒவ்வொரு வீட்டுக்கும் தெரியும். வார்த்தை கிடைக்காமல் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு அழும் தகப்பன்மார் உண்டு. அந்த வார்த்தையை ஒரு கார்ட்டூன் எடுத்துக் கொடுத்தது. அது பெரிய காரியம். நீங்கள் அங்கே இருந்ததால்தான் அந்த வார்த்தைக்கு எடை கூடியது. பிழைத்தவர், ஏழு முறை வென்றவர், உண்மை பேசுகிறவர் என்று பிள்ளைகள் நம்பினார்கள். மூன்றில் ஒன்று நிலைத்தது.

2012 அக்டோபரில் அமெரிக்க ஊக்கமருந்துத் தடுப்பு முகமை தன் நீண்ட அறிக்கையை வெளியிட்டது. ஏழு பட்டங்களும் போயின. 2013 ஜனவரியில் தொலைக்காட்சிப் பேட்டியில் ஊக்கமருந்து எடுத்ததை நீங்களே ஒப்புக்கொண்டீர்கள். பத்தாண்டுக்கு மேல், கேட்டவர்களிடம் எல்லாம் இல்லை என்று சொன்னீர்கள். ஆம் என்று சொன்னவர்கள்மீது வழக்கும் போட்டீர்கள். விடாமுயற்சி என்ற சொல்லுக்குப் பெக்காம் ஒரு நிமிடத்தில் சொன்ன பொருளை நீங்கள் வாழ்ந்தே காட்டிவிட்டீர்கள். பிற்பாடு அந்தக் கதையைத் திருத்தி, உங்கள் இடத்தில் கற்பனை மல்யுத்த வீரர் ஒருவரை வைத்து எடுத்தார்கள். சமையல்கார அம்மாள் அதேபடி, நோய் அதேபடி, பிள்ளைகளின் பயமும் அதேபடி. கோடிக்கணக்கானவருக்குத் தெரிந்த மெய்யான மனிதரைவிட, இல்லாத ஒரு மல்யுத்தக்காரர் நம்பத் தகுந்தவராக இருந்தார்.

உங்கள் இனத்தில் ஒருவரை நான் மறுபேச்சில்லாமல் மெச்சுகிறேன். அவர் பெயர் லின் ஸ்வான். அமெரிக்கக் கால்பந்தில் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணிக்காக நான்கு சூப்பர் பவுல் வென்றவர், 1976-இல் அதன் தலைசிறந்த ஆட்டக்காரர் என்ற பட்டமும் வாங்கியவர். அதே பிட்ஸ்பர்க்கில் ஃப்ரெட் ராஜர்ஸ் என்பவர் ‘மிஸ்டர் ராஜர்ஸ் நெய்பர்ஹுட்’ என்ற நிகழ்ச்சியைப் பிள்ளைகளுக்காக நடத்திவந்தார். 1981-இல் அதில் ஸ்வான் வந்தார். ராஜர்ஸ் அவரைக் காட்டியது மைதானத்தில் மட்டும் அல்ல, பாலே நடன வகுப்பிலும். சிறு வயதிலிருந்தே நடனம் பயின்றவர் அவர். காற்றில் எழும்பி, உடம்பை வளைத்து, எட்டாத பந்தைப் பிடிக்கிறாரே, அந்த நயம் நடனக்கூடத்தில் வந்தது. ஆம்பிளை ஆடினால் கேலி செய்யும் ஊர் அது. எல்லா ஊரும் அப்படித்தான். நாட்டிலேயே முரட்டு ஆட்டம் என்று பேர் வாங்கிய ஆட்டத்தின் வீரர் நடனக் காலணியோடு நின்றதைப் பார்த்து, எத்தனை பையன்கள் தங்களுக்குள் மூச்சு விட்டிருப்பார்கள்! லீக்கின் எந்த விளம்பரமும் சொல்லாத ஒன்றை, தன்னைப் பற்றிய ஓர் உண்மையை, அவர் பிள்ளைகளுக்குக் கொண்டுவந்து கொடுத்தார்.

அது முடியும் என்பதற்கு ஸ்வான் சாட்சி. வேண்டாம் என்று சொல்லவும் முடியும் என்பதற்கு நம் பக்கத்தில் ஒருவர் இருக்கிறார். 2001-இல் ஆல் இங்கிலாந்து பாட்மிண்டன் பட்டம் வென்று வந்த புல்லேலா கோபிசந்த், தேடி வந்த கோலா விளம்பரத்தை மறுத்தார். பிரகாஷ் படுகோனுக்குப் பிறகு அந்தப் பட்டத்தை வென்ற இரண்டாவது இந்தியர் அவர். குளிர்பானம் உடம்புக்கு நல்லதல்ல, ஆகவே அதை விற்க மாட்டேன் என்றார். அதற்காக அவருடைய பட்டத்தை யாரும் குறைத்து எண்ணவில்லை.

ஆகவே பெருமக்களே, பாராட்டிய உரிமையில் ஒன்று கேட்கிறேன். அடுத்த முறை அந்தச் சிவப்புப் பொம்மை உங்கள் பக்கத்தில் வந்து உட்காரும்போது, கேமரா ஓடத் தொடங்குவதற்கு முன்னால், உங்கள் முகவரிடம் இருக்கும் ஒப்பந்தக் காகிதங்களை ஒருமுறை வாங்கிப் பாருங்கள். இந்த முகம் இந்த வாரம் வேறு எதையெல்லாம் விற்கிறது என்று பாருங்கள். அதில் உங்கள் சொந்தப் பிள்ளைக்குத் தினமும் நீங்கள் ஊற்றிக் கொடுக்காத பானம் ஒன்று இருந்தால், இரண்டில் ஒன்றை விட்டுவிடுங்கள். எழுத்தை விட்டாலும் பரவாயில்லை. அதைச் சொல்லிக் கொடுக்கப் பள்ளியில் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். குறைந்த சம்பளத்தில், வேறு எதையும் விற்காமல் சொல்லிக்கொடுக்கிறார்கள். நிகழ்ச்சி எடுப்பவர்களுக்கும் இதே வேண்டுகோள். வருகிறவர் எத்தனை கோப்பை வாங்கினார் என்று கேட்பதற்கு முன்னால், எத்தனை புட்டி விற்கிறார் என்று கேளுங்கள்.

இருபத்தாறு எழுத்துகளைச் சொல்லிவிட்டுப் போன ஜாக்கி ராபின்சன், 1972 அக்டோபர் 24 அன்று மாரடைப்பால் இறந்தார். வயது 53. அதற்குள் நீரிழிவு நோய் அவருடைய கண்பார்வையில் பெரும்பகுதியைக் கொண்டுபோயிருந்தது.